ஃபான்ட் இல்லாமல் யாரும் படிக்க முடியாது

திரையில் mk;kh என்று இருந்தது. எங்கள் தெருப் பிலோ அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார்.

திண்டுக்கல்லில் ஆடி மாதத்து மத்தியானம். காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டே இருந்தது. காற்றோடு தோல் பதனிடும் ஷாப் வாடையும், தெருப் புழுதியும் வந்தன. மேசையில் விரலால் கோடு போடும் அளவுக்குப் புழுதி. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் கைப்பிடி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் 'அம்மா' என்று அடித்திருந்தார். அவர் வாழ்க்கையில் கம்ப்யூட்டரில் அடித்த முதல் சொல் அது. நான் சும்மா விளையாட்டாக, அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து ஃபான்டை மாற்றிக் காட்டினேன். அம்மா போய் mk;kh வந்துவிட்டது.

"இது என்ன பாஷ?"

"பாஷ இல்லக்கா. அதே அம்மாதான். தமிழ் ஃபான்ட் போடாத கம்ப்யூட்டர்ல இப்படித்தான் தெரியும்."

"அப்ப இத வேற யாரு பாத்தாலும் புரியாதுல்ல?"

"ஃபான்ட் இல்லாம யாரும் படிக்க முடியாதுக்கா."

அப்படித்தான் சொன்னேன். கொஞ்சம்கூடத் தயங்காமல். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு எம்.சி.ஏ.வுக்குக் காத்திருந்த காலம். தெருவில் கம்ப்யூட்டர் பற்றி நான் சொல்வதற்கு மறுபேச்சு கிடையாது. அந்த மரியாதை எனக்குப் பிடித்தும் இருந்தது.

எழுதலாம் என்றவை இரண்டு

இந்த வாரக் கட்டுரையில் இதை எழுதப் போகிறேன் என்று பிலோ அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பெயரை மாற்றிக்கொள் என்றார். எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். அன்று எங்கள் கம்ப்யூட்டரில் அவர் அடிக்கத் தொடங்கிய கடிதத்தில் இருந்ததில் எதை எழுதலாம் என்று கேட்டேன். யோசித்து, இரண்டு விஷயங்களைச் சொன்னார். அந்த இரண்டை மட்டும் எழுதுகிறேன்.

ஒன்று, அவர் நான்கு வருடம் ஆந்திராவில் ஒரு கன்னியர் மடத்தில் இருந்தார். இரண்டு, துறவற வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன்பே அவராகவே வெளியே வந்தார். யாரும் அனுப்பவில்லை.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் பெண் மடத்துக்குப் போவது பெருமை. திரும்பி வருவது அதே அளவுக்குப் பேச்சு. அதனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் அக்காவின் வீட்டில் வேறு மாதிரி சொல்லியிருந்தார்கள். ஆந்திராவில் ஹாஸ்டலில் தங்கி டீச்சர் வேலை பார்த்தாள் என்று. அது முழுப் பொய்யும் இல்லை. மடத்தின் பள்ளிக்கூடத்தில் அவர் பாடம் எடுத்திருக்கிறார். இப்போது எங்கள் அடுத்த தெரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். வயது முப்பதைத் தொட்டிருந்தது.

மாப்பிள்ளை பெயர் ஸ்டீபன் என்று வைத்துக்கொள்வோம். வடமதுரைக்காரர். அந்தப் பக்கத்து நூல் மில் ஒன்றில் ஆபீஸ் வேலை. நிச்சயம் முடிந்து, ஆவணியில் கல்யாணம்.

இடையில் ஓலை இருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயர்களை, தகப்பன் தாய் பெயரோடு, ஊரோடு சத்தமாக வாசிப்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று முடியும். அதுதான் ஓலை வாசிப்பது. பெண்ணின் கோயிலிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளை கோயிலிலும் வாசிப்பார்கள்.

மடத்தில் இருந்து வந்தது தடையே இல்லை. அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் முதல் ஓலை காதில் விழுந்ததும், மடத்தில் இருந்தாளே அந்தப் பிலோவா என்று யாராவது ஒருவர் கேட்பார். அது திருச்சி பஸ் ஏறி வடமதுரை போய்ச் சேர அரை நாள் போதும்.

"அவரா வந்து கேட்டா அது அவமானம். நானாச் சொன்னா அது வேற" என்றார் அக்கா. முதல் ஓலைக்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட வேண்டும். இடையில் இரண்டே ஞாயிறுதான்.

சொல்ல வழிதான் இல்லை. கடிதம் எழுதினால் ஸ்டீபன் வீட்டில் தபாலை அவருடைய அம்மாதான் பிரிப்பார். மில்லுக்கு எழுதினால் மேனேஜர் கைக்குப் போகும். கல்யாணம்வரை இருவரும் சந்திக்கக் கூடாது என்பது இரு வீட்டுக்கும் பொதுவான சட்டம். போன் உண்டு. ஞாயிறு சாயங்காலம் ஸ்டீபன் கூப்பிடுவார். அக்காவின் அம்மா, அண்ணன், அத்தை எல்லோரும் டிவி பார்ப்பதுபோல் சுற்றி உட்கார்ந்திருக்க, அக்கா "ம்", "சரிங்க", "சாப்டாச்சுங்க" என்று சொல்லி வைப்பார்.

அழைப்பிதழ் வாசகத்தை அடித்துத் தரும் வேலை அப்போது என்னிடம் இருந்தது. அச்சடிப்பது மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. பெண் வீட்டுப் பெயர்களை எல்லாம் சேர்த்து அடித்து, பிளாப்பியில் போட்டு அனுப்ப வேண்டும். அதே பிளாப்பியில் இரண்டாவதாக ஒரு பைல் போனால் யாருக்குத் தெரியும்? அந்த யோசனை என்னுடையது. இதை மாற்றிச் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொள்ள விருப்பமில்லை.

வாத்தியார் வீட்டுக் கம்ப்யூட்டர்

அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா பள்ளி ஆசிரியர். நான் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது வாங்கினார். அசெம்பிள் செட். பூட்டிக் கொடுக்க வந்தவர் ஒரு பெரிய பையில் வட்டத்தகடு சிடிக்களை, கல்யாண ஆல்பம்போல் பக்கம் பக்கமாகச் செருகி வைத்திருந்தார். எல்லாவற்றின் மேலும் பேனாவால் எழுதிய கையெழுத்து. ஒன்றிலும் கம்பெனி பெயர் கிடையாது. மூன்று மணி நேரத்தில் என்னென்னவோ ஏற்றினார். என்ன ஏற்றினார் என்று நாங்கள் கேட்கவில்லை. அம்மா அவருக்கு இரண்டு முறை காபி கொடுத்தார்.

போகும்போது பாஸ்வேர்டு வைத்துவிட்டதாகச் சொன்னார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி அதைச் சொன்னார். பிறகுதான் தெரிந்தது, அவர் செட் பூட்டிய எல்லா வீட்டுக்கும் அதே பாஸ்வேர்டுதான். அதை நான் மாற்றவில்லை. மாற்றினால் ரிப்பேருக்கு வரும்போது அவர் கோபித்துக்கொள்வார் என்று அப்பா சொன்னார். இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்காமல் விடாத அப்பா, அந்த சிடிக்களில் ஒன்றையாவது எங்கிருந்து வந்தது என்று கேட்டதில்லை.

பிளாப்பிகளைப் போட ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் கொடுத்தார். அதற்குச் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு பூட்டு. அப்பா திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவர். அந்தச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதற்குப் பெயர் பூட்டா என்று கேட்டு நாள் முழுக்கச் சிரித்தார். என் கல்லூரித் தோழியின் பெட்டிச் சாவியைப் போட்டாலும் எங்கள் பெட்டி திறந்தது.

ஆனால் வைரஸுக்கு மட்டும் எல்லோரும் பயந்தோம். காலேஜ் லேப்பில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். தூசியில் வைரஸ் வரும் என்று லேப் அட்டெண்டர் நம்பினார். பிரிண்டர் ஓடவில்லையா, வைரஸ். எழுத்து மாறித் தெரிகிறதா, வைரஸ். வைரஸ் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. பெரியம்மை காலத்தில் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கினால் உள்ளே யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்களாம். அதுபோல.

இரண்டு மத்தியானங்கள்

எங்களிடம் இருந்த தமிழ் ஃபான்ட் டைப்ரைட்டர் முறையில் அமைந்தது. எந்தக் கட்டையைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்று ஒரு பட்டியல் எழுதி, கம்ப்யூட்டருக்கு மேலே, காலண்டருக்குக் கீழே ஒட்டியிருந்தேன். அக்கா அதைப் பார்த்துப் பார்த்து அடித்தார். f தட்டினால் க. k தட்டினால் ம. புள்ளிக்கு, அந்த அரைப்புள்ளிக் குறி.

எனக்குக் கடிதத்தைப் பார்க்க ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கற்றுக் கொடுத்ததும் சமையலறைக்குப் போய்விட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கட்டைகள் தட்டுப்படும் சத்தத்தைக் கேட்டேன். தட்டு. நீண்ட இடைவெளி. தட்டு, தட்டு. பிறகு அழிக்கும் கட்டையை விடாமல் அழுத்தும் சத்தம். ஒரு வரியை எழுதி முழுவதும் அழிக்கிறார் என்று தெரியும். எந்த வரி என்று தெரியாது.

இரண்டாவது மத்தியானம் கரண்ட் போனது. அக்கா நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். சேமிக்கவே இல்லையாம். கரண்ட் வந்து மெஷினைப் போட்டதும், கடிதம் தானாக எழுந்து வந்து நின்றது.

"நான் சேத்து வைக்கவே இல்லையே. இது எப்படி வச்சிருக்கு?"

கேட்காமலேயே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். அக்காவுக்கு அது சந்தோஷம். எனக்கும்தான். இதில் பயப்பட ஒன்று இருக்கிறது என்று இருவருக்கும் தோன்றவில்லை.

திட்டத்தை என் நோட்டில் எழுதியிருந்தேன். எதையும் எண் போட்டு எழுதாவிட்டால் எனக்கு நடக்காது.

1. ஞாயிறு போனில் அக்கா, பிளாப்பி வரும் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது பைலைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

2. வெள்ளிக்கிழமை அக்காவின் அண்ணன் பிளாப்பியை மில்லில் கொண்டுபோய்க் கொடுப்பார்.

3. ஸ்டீபன் மில் கம்ப்யூட்டரில் திறப்பார். தமிழ் ஃபான்ட் இருக்காது. புரியாத எழுத்து தெரியும். பிளாப்பி மேலே ஒட்டிய லேபிளில் அப்பாவின் பெயரும் எங்கள் வீட்டுப் போன் நம்பரும் இருக்கின்றன. கூப்பிடுவார்.

4. நான் ஃபான்டை வேறு பிளாப்பியில் அனுப்புவேன். அவர் தனியாகப் படித்துவிட்டு, இரண்டாவது பைலை அழித்துவிட்டு, முதல் பைலை மட்டும் அச்சகத்தில் கொடுப்பார்.

பூட்டும் சாவியும் ஒரே பையில் போகக் கூடாது. படித்த பாடத்தை நடைமுறைப்படுத்திய பெருமை எனக்கு. ஞாயிறு சாயங்காலம் குடும்பமே சுற்றி உட்கார்ந்திருக்க, அக்கா போனில் சொன்னார்: "பிளாப்பில ரெண்டு பைல் இருக்குங்க. ரெண்டாவத நீங்க செத்த பாத்துட்டுச் சொல்லுங்க." ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அத்தை, கம்ப்யூட்டரில் எல்லாம் பேசுகிறாளே என்று பாராட்டினாராம்.

மூன்று சொற்கள்

வெள்ளிக்கிழமை பிளாப்பி போனது. சனிக்கிழமை போன் வரவில்லை. ஞாயிறு மத்தியானம் மெஷினில் இருந்து கடிதத்தின் சுவடுகளைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். அக்கா சேமித்த பைலுக்குப் பக்கத்திலேயே, அலைக்கோட்டில் தொடங்கும் பெயரோடு இன்னொரு பைல் இருந்தது. கரண்ட் போன அன்று மெஷின் தானாக எடுத்துக்கொண்ட நகல். எதற்கும் என்ன என்று பார்க்கலாம் என்று திறந்தேன். தமிழ் இல்லாமல், அந்தப் புரியாத எழுத்தில்தான் திறந்தேன். அதனால் தப்பில்லை என்று நினைத்தேன்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று அதில் ஓரிடம் எனக்குப் புரிந்துவிட்டது. நானாகத்தான் வெளியே வந்தேன்.

மூன்று சொற்கள். உடனே மூடினேன். மூடிய பிறகுதான் உறைத்தது. இரண்டு வருடமாக அந்தக் கட்டைகளில் தமிழ் அடித்து அடித்து, இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தாலே விரலுக்குத் தமிழ் தெரிந்துவிடுகிறது. எனக்குத் தெரிகிறது என்றால் தமிழ் டைப்ரைட்டிங் படித்த யாருக்கும் தெரியும். எங்கள் தெருவில் யார் யார் என்று எண்ணினேன். லோயர் பாஸ் இரண்டு பேர். ஹையர் பாஸ் ஒருவர். இன்ஸ்டிடியூட் வைத்திருப்பவர் ஒருவர். ஒரே தெருவில் நான்கு பேர்.

ஃபான்ட் இல்லாமல் யாரும் படிக்க முடியாது என்று நான் சொல்லியிருந்தேன்.

அக்காவிடம் போய்ச் சொல்லலாம் என்று கிளம்பினேன். அவர்கள் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மாவு கடன் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

விரல்கள்

திங்கள் பன்னிரண்டரை மணிக்கு வாசலில் ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். நாற்பது வயதிருக்கும். கையில் சாப்பாட்டுப் பை. வாத்தியார் வீடு இதுதானே என்று கேட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஸ்டீபனின் அக்கா ரோஸ்லின் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். அகரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். திண்டுக்கல்லில் பத்திரம் எழுதும் ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட்.

டைப்பிஸ்ட் என்ற சொல்லிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

பையில் இருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட மில் தாள். மங்கலான அச்சில் புரியாத எழுத்துகள்.

"இத யாரும் படிக்க முடியாதுன்னு நெனச்சு அனுப்புனது யாரு?"

"நான்தாங்கக்கா."

"நல்லா நெனச்ச போ. இருபது வருசமா இந்த வேலதான் பாக்குறேன்."

நடந்ததை அவர் சொன்னார். சனிக்கிழமை ஸ்டீபன் பிளாப்பியைத் திறந்திருக்கிறார். இரண்டு பைலுமே புரியாத எழுத்தாக இருக்க, வைரஸ் வந்து அழைப்பிதழ் மொத்தமும் கெட்டுப்போய்விட்டது என்று பயந்துவிட்டார். இரண்டையும் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். ஞாயிறு விருந்துக்கு ரோஸ்லின் அக்கா வந்திருந்தார். கறி வெஞ்சனத்தோடு எல்லோரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது ஸ்டீபன் தாள்களைக் காட்டினார்.

முதல் தாளை வாங்கிப் பார்த்த ரோஸ்லின் அக்கா, இது தமிழ்தான் என்றார். யாரும் நம்பவில்லை. தாளைத் தரையில் வைத்து, மடியில் விரல்களால் தட்டிக்கொண்டே வாசிக்க ஆரம்பித்தார். இறை இயேசுவில் அன்புடையீர். பெண்ணின் பெயர், தகப்பன் பெயர், தாய்மாமன்கள் பெயர் எல்லாம் வந்தன. ஒரு மாமன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருப்பதைக்கூடச் சொன்னார். வீடே சிரித்தது. ஸ்டீபன் கை தட்டினார்.

அதே குஷியில் இரண்டாவது தாளை எடுத்தார். அன்புள்ள ஸ்டீபன் அவர்களுக்கு என்று சத்தமாக வாசித்தார். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். அடுத்த வரியில் குரல் நின்றுவிட்டது.

"வாய்தான் நின்னுச்சு. கை நிக்கல. கடேசி வரைக்கும் அடிச்சு முடிச்சிருச்சு" என்றார் என்னிடம், தன் கைகளைப் பார்த்துக்கொண்டு.

என்ன எழுதியிருக்கிறது என்று அவருடைய அம்மா கேட்டிருக்கிறார். ஆரம்பம் மட்டும் சரியாக இருக்கிறது, மீதி எல்லாம் வைரஸ், கெட்டுப்போய்விட்டது என்று சொல்லித் தாளை மடித்து வைத்துக்கொண்டார். ஸ்டீபன் நம்பியும் நம்பாமலும், லேபிளில் இருக்கும் நம்பருக்கு நாளைக்குக் கேட்கிறேன் என்றாராம்.

"ஒரு மணிக்கு மில்லுல சாப்பாட்டு நேரம். ஒனக்குப் போன் பண்ணுவான். ரெண்டாவது பைலு வைரஸுன்னு சொல்லிரு. கம்ப்யூட்டர் படிச்ச பிள்ள சொன்னா நம்பிருவான்."

ஏன் என்று கேட்டேன்.

"எங்கம்மாவ ஒனக்குத் தெரியாது. மடத்துக்குப் போயிட்டு வந்த பொண்ணு குடும்பத்துக்கு ஆகாதுன்னு நெனைக்கிற ஆளு. எனக்கு அந்தப் பொண்ணப் புடிச்சிருக்கு. லெட்டரப் படிச்சப்புறம் இன்னும் புடிச்சிருக்கு. கல்யாணம் நடக்கட்டும். எனக்குத் தெரிஞ்சது என்னோட போகட்டும்."

கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் கேட்டது ரொம்பச் சின்ன உதவி. ஒரே ஒரு சொல். நான் சொன்னால் ஸ்டீபன் நம்புவார். அவரிடம் வேறு வழியும் இல்லை. மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். சிடிப் பைக்காரர் எங்களுக்கு எப்படியோ, அப்படி நான் அவருக்கு. கல்யாணமும் நடக்கும். என் தப்பும் வெளியே தெரியாது.

"அது என் பைல் இல்லக்கா. எழுதுனவங்களக் கேக்கணும்."

ரோஸ்லின் அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தார். "சரி. போய்க் கூட்டிட்டு வா. வெரசா."

ஒரு மணி

பிலோ அக்கா அப்போதுதான் பள்ளி முடிந்து வந்திருந்தார். சேலையில் சாக்பீஸ் தூள். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். என் வாக்குத் தவறு என்பதையும், நான் மூன்று சொற்கள் படித்ததையும் சேர்த்துத்தான். அவர் நடையை எட்டிப் போட்டார். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் நின்று கேட்டார்.

"என்னையத் திட்டுனாங்களா?"

"இல்லக்கா. புடிச்சிருக்குன்னாங்க."

உள்ளே ரோஸ்லின் அக்கா சுவரில் ஒட்டியிருந்த என் எழுத்துப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பினார். இருவரும் நிச்சயத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்த்துக்கொள்கிறார்கள். யாருக்கும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"டைப்பிங் எங்க படிச்சீங்க?" என்றார் ரோஸ்லின் அக்கா. "புள்ளி அம்புட்டும் விட்டுப்போச்சு. மன்னிக்கவும்னு வர வேண்டியது மனனிககவும-ன்னு கெடக்கு."

பிலோ அக்கா சிரிக்க ஆரம்பித்து, பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரோஸ்லின் அக்கா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, என்னிடம் சொன்னதையே அவரிடமும் மெதுவாகச் சொன்னார். வைரஸ் என்று முடித்துவிடலாம் என்றார்.

"நாலு வருசம் அங்க செபம் பண்ணுனது திருட்டுத்தனம் இல்லக்கா. மறைச்சு வச்சாத்தான் அது திருட்டுத்தனமாயிரும்."

"அவன் வேணாம்னு சொல்லிட்டா?"

"இப்பச் சொன்னா ரெண்டு வீட்டோட போயிரும். ஓல வாசிச்சப்புறம் சொன்னா ரெண்டு கோயிலும் பேசும்."

"எங்கம்மா?"

அதற்குள் போன் அடித்தது.

நான் எடுத்தேன். பின்னால் மில் சத்தத்தோடு ஸ்டீபன் பேசினார். பதற்றமாக இருந்தார். அழைப்பிதழை வேறு பிளாப்பியில் போட்டுத் தர முடியுமா, மில் கம்ப்யூட்டருக்கும் அந்த வைரஸ் தொற்றியிருக்குமா, மேனேஜரிடம் சொல்லிவிடலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, ரெண்டாவது பைல் வைரஸ்தானேம்மா என்றார்.

ரோஸ்லின் அக்கா என்னைப் பார்த்தார். பிலோ அக்கா என்னைப் பார்க்கவில்லை. தன் கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வைரஸ் இல்லண்ணே. ரெண்டு பைலும் நல்லாத்தான் இருக்கு. அங்க தமிழ் ஃபான்ட் இல்ல, அம்புட்டுதான். ரெண்டாவது ஒரு லெட்டர்."

"லெட்டரா? யாரு எழுதுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிலோ அக்கா எழுந்து கையை நீட்டினார். ரிசீவரைக் கொடுத்தேன்.

"நாந்தாங்க" என்றார். "நீங்க படிக்க வேணாம். நானே சொல்றேன்."

நானும் ரோஸ்லின் அக்காவும் பின்பக்கம் போய்விட்டோம். கதவைச் சாத்தியது நான்தான். துவைக்கும் கல்லில் அவர் உட்கார்ந்தார். கொடியில் துணிகள் காற்றில் படபடத்தன. உள்ளிருந்து ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ரோஸ்லின் அக்காவின் விரல்கள் கல்லின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தன. என் கண் தானாக அதைத் தொடர்ந்தது. வலது கை நடு விரல், அது ம. சுண்டுவிரல், அது புள்ளி. என்ன அடிக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றிய நொடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அரை மணி நேரம் ஆனது. மில்லில் சாப்பாட்டு நேரமே அவ்வளவுதான்.

கதவைத் திறந்து பிலோ அக்கா வந்தார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "ஒங்ககிட்டப் பேசணுமாம்" என்றார் ரோஸ்லின் அக்காவிடம்.

அவர் உள்ளே போய் ரிசீவரை எடுத்தார். "ஏலே" என்று ஆரம்பித்தவர் சுவரில் சாய்ந்துகொண்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரி. அம்மாட்ட நான் பேசிக்கிறேன். நீ போய் மொதல்ல சாப்புடு" என்று வைத்துவிட்டார்.

நகல்கள்

அன்று சாயங்காலம் பிலோ அக்காவும் நானும் உட்கார்ந்து கடிதத்தின் நகல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று எழுதினோம். எங்கள் மெஷினில் அக்கா சேமித்தது. மெஷின் தானாக வைத்துக்கொண்டது. பிளாப்பி. மில் கம்ப்யூட்டரில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரோஸ்லின் அக்கா பையில் இருக்கும் தாள். அழித்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் எதுவும் ஹார்டு டிஸ்கில் இருந்து உண்மையில் போவதில்லை, அந்த இடத்தில் வேறு எழுதும்வரை அப்படியே கிடக்கும் என்றும் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது.

அக்கா பட்டியலைப் படித்தார். நம் வீட்டில் இருப்பதை மட்டும் அழி, மற்றது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

அந்தப் பட்டியலில் போன் பேச்சு இல்லை. அதற்கு நகல் எங்கும் இல்லை. ஸ்டீபன் அன்று என்ன கேட்டார், அக்கா என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தோன்றியிருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு அனுமதி கேட்டபோதுகூட நாக்கு நுனிவரை வந்தது.

ஸ்டீபனின் அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் அழைப்பிதழில் தன் தம்பி பெயர் இருக்கிறதா என்று கேட்டாராம். சம்மதம் என்று அவர் வாயால் சொன்னதாக யாரும் சொல்லவில்லை.

ஞாயிறு காலைப் பூசை. பிலோ அக்கா எங்கள் வரிசைக்கு இரண்டு வரிசை முன்னால், முக்காட்டோடு உட்கார்ந்திருந்தார். பூசை முடிவில் சாமியார் முதல் ஓலையை வாசித்தார். பெயர்கள், ஊர்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும். கோயிலில் வழக்கமான இருமல்கள்.

எனக்குப் பின்னால் இருந்த அம்மா ஒருவர் முன்னால் சாய்ந்து, என் தோளைத் தொட்டார்.

"மடத்துல இருந்தாளே, அந்தப் பிலோவா?"

"ஆமாங்க."

"மாப்ள வீட்டுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"அவங்களேதான்" என்றேன்.